குலைக்கட்டியும் பித்தளைச் சட்டியும்

பழைய தமிழ் வார இதழ்களைப் புரட்டுகிறவர்களுக்கு ஜம்மியின் ஈரல் மருந்து விளம்பரம் கண்ணில் படாமல் போகாது. ஒன்றிரண்டு வயதுக் குழந்தைக்கு வயிறு உப்பும், ஈரல் கெட்டிப்படும், மஞ்சள் காணும். பல குழந்தைகள் சில மாதங்களில் போய்விடும். குலைக்கட்டி என்றார்கள். மருத்துவ நூல்களில் அதன் பெயர் இந்தியக் குழந்தைப்பருவ சிரோசிஸ். 1887இல் கல்கத்தாவில் பதிவானது. ஒரே வீட்டில் அண்ணன் தம்பியாகக் கொண்டுபோனதால் பரம்பரை நோய் என்ற பேச்சும் இருந்தது. பரம்பரை என்ற சொல் நம் வீடுகளில் யாரை நோக்கி விரல் நீட்டும்? அவள் பால் ஆகாது, அவள் வயிறு ஆகாது.

1979இல் இறந்த குழந்தைகளின் ஈரலில் அளவுக்கு மீறிய செம்பு இருப்பது உறுதியானது. புனேயில் ஷீலா பாவே, ஆனந்த் பண்டிட் ஆகியோரும் இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் டேனரும் குழந்தைகளுக்கு எப்போது என்ன பால், எந்தப் பாத்திரத்தில் என்று விசாரித்தார்கள். பிறந்த சில வாரங்களிலேயே பித்தளையில் காய்ச்சி வைத்த மாட்டுப்பால் புகட்டப்பட்டிருந்தது. 1983இல் அதை எழுதினார்கள். பித்தளையில் வைத்த தண்ணீரில் செம்பு அவ்வளவாக இறங்குவதில்லை. பாலின் கேசீன் புரதமோ அதை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது.

எங்கள் கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்துப் பெண்களுக்குக் களிம்பு தெரியும். புளியையும் மோரையும் வெறும் பித்தளையில் வைக்க மாட்டார்கள், ஈயம் பூசியாக வேண்டும். ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடிதான். (விருத்தாசலத்துக்காரி ஜாடியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது.) ஆனால் பால் புளிப்பல்லவே. அந்த அறிவுக்கு எட்டாத ஒரே இடத்தில் ஆபத்து உட்கார்ந்திருந்தது. நோய் கண்டவர்களில் ஆண் குழந்தைகளே அதிகம். வாங்கிய பால் முதலில் மகனுக்குப் போனதும் ஒரு காரணமோ என்பது என் ஊகம், அவ்வளவே. எவர்சில்வர் வந்தது, நோய் அரிதானது.

அப்படியானால் பரம்பரை என்பது பொய்யா? ஆஸ்திரியாவின் டிரோல் பகுதியில் 1900 முதல் 1974 வரை இதே போன்ற நோயில் 138 குழந்தைகள் இறந்தார்கள். அங்கும் செம்புப் பாத்திரத்துப் பால்தான். ஆனால் குடித்த எல்லாக் குழந்தைகளுக்கும் வரவில்லை. குடும்ப வரலாறு, தாய் தந்தை இருவரும் கொடுத்த ஒரு மரபணுக் குறையைக் காட்டியது. இருவரும் என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள்.

பாத்திரம் மாறியும் போகாதது வில்சன் நோய். 1912இல் கின்னியர் வில்சன் விவரித்தது. மரபணு 1993இல் தெரிந்தது. ஈரல் மிகுதிச் செம்பைப் பித்தநீர் வழியே வெளியேற்ற முடியாமல் போக, அது ஈரலிலும் மூளையிலும் கண்ணிலும் படிகிறது. மஞ்சள் காமாலையாக வரலாம். பள்ளிப் பிள்ளைக்குக் கை நடுங்கும், பேச்சு குழறும், கையெழுத்துக் குலையும். திமிர் என்று அடிவாங்குவதும் உண்டு, பேய் ஓட்டுவதும் உண்டு. அத்தை மகனையும் தாய்மாமனையும் கட்டும் நம் பழக்கத்தில் அந்தக் குறை இருபக்கமும் சந்திக்க வாய்ப்பு கூடுதல். யாரைக் கட்டுவது என்று முடிவெடுத்தவர்கள் பிறகு மருமகளைக் கேள்வி கேட்பார்கள்.

பெனிசிலமின், துத்தநாகம் என்று வாழ்நாள் மருந்து உண்டு. சீக்கிரம் தொடங்கினால் பிள்ளை நன்றாகவே வாழும். ஒரு பிள்ளைக்கு இருந்தால் உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அறிகுறி இல்லாவிட்டாலும் எல்லோருக்கும் சோதிக்க வேண்டும். மகளின் ரத்தத்தைச் சோதித்தால் சம்பந்தம் பேச முடியாது என்று தள்ளிப்போடுகிறார்கள். அவள் ஈரலில் செம்பு அதுவரை காத்திருப்பதில்லை.