'வென்றால்': ஒரு நிபந்தனை வாக்கியமும் ஹமீதா பானுவும்

1954 பிப்ரவரியில் ஹமீதா பானு என்ற மல்யுத்த வீராங்கனை ஓர் அறைகூவல் விடுத்தார். தம்மைக் களத்தில் வெல்பவரைத் தாம் மணப்பதாக அவர் அறிவித்ததை நாளேடுகள் வெளியிட்டன. மொழியியல் மாணவருக்கு இது எளிய நிபந்தனை வாக்கியம். 'வென்றால்' என்பது எச்சம், 'மணப்பேன்' என்பது முற்று. ஆனால் மல்யுத்தக் கதைகள் பெண்களை எப்படி நட்சத்திரங்களாக்குகின்றன என்ற வரலாற்றை விளங்கிக்கொள்ள இந்த ஒரு வாக்கியம் பெரிதும் உதவும் என்று கருதுகிறேன்.

இன்றைய தொழில்முறை மல்யுத்தத்தில் முடிவுகள் முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகின்றன என்பதை ரசிகர்கள் அறிவர். அறிந்தும் பார்க்கிறார்கள். காரணம், அங்கே பிடிகளுக்கு இணையாகக் கதையும் ஆடுகிறது. இவர் தோற்றால் எதை இழப்பார், வென்றால் எதைப் பெறுவார் என்ற கேள்வியைக் கதை முதலில் ஊன்றுகிறது. பந்தயப்பொருள் பெரிதாகும்போது ஆடுபவரும் பெரிதாகிறார். பெண்கள் களமிறங்கியபோது அந்தப் பந்தயப்பொருள் என்னவாக இருந்தது?

நம் மரபில் இதற்குப் பழைய விடை உண்டு. முல்லைக்கலியில் ஏறு தழுவியவனுக்கே ஆயர்மகள். திருவிளையாடற்புராணத்தில் திசையெல்லாம் வென்ற தடாதகை, கயிலையில் சிவனைக் கண்டதும் மூன்றாம் தனம் மறைய நாணி நிற்கிறாள். ஆணை ஏற்காத அல்லி அரசாணியை அர்ச்சுனன் சூழ்ச்சியால் தாலி கட்டி அடக்குகிறான். பெண்ணின் வீரம் வளர்ந்துகொண்டே போகும், மணத்தில் முடியும். நான் வாழும் கேரளத்தின் வடக்கன் பாட்டுகளில் வரும் உண்ணியார்ச்சை இதற்கு விலக்கு. அவள் ஏற்கெனவே மணமானவள். கணவன் அஞ்சி நடுங்க, உறுமியை வீசுபவள் அவளே.

ஹமீதா பானு அந்தப் பழைய வாக்கியத்தையே எடுத்துக்கொண்டார். ஆனால் முல்லைக்கலியில் ஏறு நின்ற இடத்தில் தாமே நின்றார். பரிசும் அவரே, அதைக் காக்கும் ஏறும் அவரே. இங்குதான் அந்த நிபந்தனை ஒரு விளம்பர எந்திரமாகிறது. எதிராளி தோற்றால் அவர் புகழ் கூடும்; வர மறுத்தாலும் கூடும். அறிவிப்புக்குப் பின் பாட்டியாலாவையும் கல்கத்தாவையும் சேர்ந்த இரு ஆண் மல்லர்களை அவர் வீழ்த்தினார். பரோடாவில் அவரை எதிர்க்க வேண்டிய சோட்டே காமா, பெண்ணோடு மோத மாட்டேன் என்று விலகிக்கொண்டார். மே மாதத்தில் அவருக்குப் பதிலாக வந்த பாபா பஹல்வான் தோற்க 1 நிமிடம் 34 நொடிகளே பிடித்தன. 'அலிகாரின் அமேசான்' என்ற பட்டம், உயரம், எடை, அன்றாடம் அருந்திய பாலின் அளவு ஆகிய அனைத்தும் செய்தியாயின.

இந்தப் புகழுக்கு ஒரு விலை இருந்தது. அவருடைய வெற்றிகளைப் பலர் நம்ப மறுத்தனர். கோலாப்பூரில் ஓர் ஆண் மல்லரை வென்றபோது கூட்டம் கல்லெறிந்தது. புனேயில் மல்யுத்த அமைப்பொன்றின் எதிர்ப்பால் அவருடைய ஆட்டம் கைவிடப்பட்டது. தம் ஆட்டங்கள் தடுக்கப்படுவதாகப் பம்பாய் மாநில முதலமைச்சர் மொரார்ஜி தேசாயிடம் அவர் முறையிட்டார். பெண் என்பதற்காகத் தடுக்கவில்லை, அமைப்பாளர்கள் பொம்மை எதிராளிகளை நிறுத்துவதாகப் புகார் வந்துள்ளது என்பது அவர் பெற்ற விடை. ஆட்டங்களில் எது மெய், எது ஏற்பாடு என்பதை இன்று பிரித்தறிய இயலாது. நான் சுட்ட விரும்புவது வேறொன்று. கிங்காங்கும் தாரா சிங்கும் மோதியபோதும் இதே ஐயம் இருந்தது. ஆனால் அது அவர்களுடைய புகழைக் குறைக்கவில்லை. பெண் வென்றபோது மட்டும் அந்த ஐயம் அவளைக் களத்திலிருந்தே விலக்கும் காரணமாயிற்று.

பிற நாடுகளில் இந்த வாக்கியம் எப்படி மாறியது என்பதும் கவனிக்கத்தக்கது. 1985 ஆகஸ்ட் 28 அன்று ஒசாகாவில் சிகுசா நகாயோவும் டம்ப் மட்சுமோட்டோவும் மோதினர். தோற்பவர் தலையை மழிக்க வேண்டும் என்பது நிபந்தனை. இளம்பெண்கள் நிறைந்த அரங்கில் அவர்களின் அன்புக்குரிய நகாயோ தோற்றார், மழிக்கப்பட்டார், அரங்கம் அழுதது. அந்தத் தோல்வி அவரை மேலும் உயர்த்தியது. தலைமழித்தலின் பொருளை அறிந்த நம் சமூகத்திற்கு இதன் கனம் புரியும். ஆனால் அங்கே நிபந்தனை இரு பெண்களுக்கு இடையிலானது; மணமகன் எவனும் அதில் இல்லை. 2022இல் வெளிவந்த 'கட்டா குஸ்தி' தமிழ்ப் படத்தில், பாலக்காட்டு மல்யுத்த வீராங்கனையோ தன் கலையை மறைத்து, சவுரி முடி அணிந்தே மணமேடை ஏறுகிறாள்.

அமெரிக்காவில் 2018இல் பெக்கி லிஞ்ச் 'தி மேன்' என்று தம்மை அழைத்துக்கொண்டார். களத்தின் முதல்வரைக் குறிக்கும் அந்த ஆண்பால் வழக்கை ஒரு பெண் கைப்பற்றியதே கதையாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் மூக்குடைந்து, முகத்தில் குருதி வழிய நின்ற அவரது தோற்றம் திட்டமிடாத ஒரு விபத்தின் விளைவு. கதை அதையும் தன்னுள் இழுத்துக்கொண்டது. 2019 ஏப்ரலில் ரெசில்மேனியாவின் இறுதி ஆட்டம் முதன்முறையாகப் பெண்களுடையதாயிற்று. 'மல்லன்' என்பதற்கு வழக்கில் நிலைத்த பெண்பால் சொல் நம்மிடம் இல்லை. 'வீராங்கனை' என்ற பொதுச்சொல்லால் ஈடுகட்டுகிறோம். 2016இல் ஜலந்தரில் சல்வார் கமீசோடு பார்வையாளர் நடுவிலிருந்து மேடையேறி அறைகூவலை ஏற்ற கவிதா தேவிக்கு, உடையே கதையாக அமைந்தது. யார் வேண்டுமானாலும் அவராக இருந்திருக்கலாம் என்று பார்த்தவரை எண்ணச் செய்த உடை அது.

ஹமீதா பானுவிடம் திரும்புகிறேன். 1954இல் பம்பாயில் ரஷ்ய வீராங்கனை வேரா சிஸ்டிலினை ஒரு நிமிடத்திற்குள் வென்ற பின் ஐரோப்பா செல்வதாக அறிவித்தார். செல்லவில்லை. அவரைத் தடுக்கப் பயிற்றுநர் கையை முறித்தார் என்று அவருடைய பேரன் பின்னாளில் கூறினார். கல்யாணில் பால் விற்றும் தின்பண்டம் செய்தும் வாழ்ந்து 1986இல் மறைந்தார். 2024 மே 4 அன்று கூகுள் தன் முகப்புப் படத்தில் அவரை நினைவுகூர்ந்தபோதுதான் நம்மில் பலர் அப்பெயரை முதன்முதலாகக் கேட்டோம்.

தோற்றால் அவருக்கு என்ன நேரும் என்பதை அந்த வாக்கியம் தெளிவாகச் சொன்னது. வென்றுகொண்டே இருந்தால் என்ன கிடைக்கும் என்பதை அவரோ அமைப்பாளர்களோ நாளேடுகளோ எங்கும் சொல்லவில்லை. ஒரு பெண்ணை நட்சத்திரமாக்கும் கதையை ஆராய்பவர், அவள் வென்ற மறுநாளுக்கு அந்தக் கதையில் இடம் இருந்ததா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.