வெண்மைக்குத் தரும் விலை

தூய வெண்மையே உயர்ந்த அரிசிக்கு அடையாளம் எனக் கருதிக் கூடுதல் விலை கொடுப்போர் பலர். அது தகுமா? நம் மண்ணின் வரலாறே இதற்கு விடை பகர்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லூபோக் சீனாவை அடுத்த நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் ஓர் உண்மையைக் கண்டார். தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளரைப் பெரிபெரி நோய் வாட்டியது. புழுங்கலரிசி உண்ட தமிழரை அது பெரிதும் அணுகவில்லை.

1905 இறுதியில், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்னும் மருத்துவர் நோயாளரை இரு பிரிவாக்கி ஓராண்டுக்கு மேல் ஆராய்ந்தார். பச்சரிசிப் பிரிவில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கலரிசிப் பிரிவில் ஒருவரும் மாளவில்லை.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பின்னர்த் தீட்டினாலும் முழுதும் நீங்குவதில்லை. அரிசிக்குக் கூடுதல் விலை தருவதாயின், நம் முன்னோர் கண்ட அப்பக்குவத்திற்கே தருவோம்.