சூடான் வடையும் மணிலாக்கொட்டையும்

எகிப்தில் நிலக்கடலைக்கு 'ஃபூல் சூடானி' என்று பெயர், அதாவது சூடான் பயறு. நம்ம தாத்தா பாட்டிகள் அதையே மணிலாக்கொட்டை என்றார்கள். ஆனால் அது பிறந்தது சூடானிலும் இல்லை, மணிலாவிலும் இல்லை, தென் அமெரிக்காவில். வந்த வழிதான் பெயராகத் தங்கிவிட்டது. பெயரை வைத்துக்கொண்டு சாப்பாட்டின் சொந்த ஊரைத் தேடினால் தப்பான ஊரில் போய் நிற்போம்.

ஃபலாஃபல் கதையும் அப்படித்தான். 2008இல் லெபனான் தொழிலதிபர்கள் சங்கம், எங்கள் பண்டங்களை இஸ்ரேல் தன்னுடையது என்று விற்கிறது, வழக்குப் போடுவோம் என்றது. எகிப்தியர்களோ ஃபாரோ காலத்துக்கே போவார்கள். காப்டிக் கிறிஸ்தவர்கள் தவக்காலத்தில் கறிக்குப் பதிலாகச் செய்தது என்றும் ஒரு கதை உண்டு. தேர்த் திருவிழா நடக்கும் பெரியநாயகி மாதா கோயில் உள்ள எங்கள் ஆவூரில் இந்தக் கதையை யாரும் உடனே நம்பிவிடுவார்கள். ஆனால் ஃபலாஃபல் எகிப்திய எழுத்தில் தென்படுவது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான்.

இந்தச் சண்டையில் சூடான் பேரை யாரும் எடுப்பதில்லை. அங்கே அதன் பெயர் தாமியா. சாப்பாடு என்று பொருள்படும் 'தஆம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. எகிப்திலும் இதே பெயர்தான், ஆனால் அங்கே அரைப்பது ஃபாவா பயறு. சூடானில் கொண்டைக்கடலை. 1821இல் எகிப்தியப் படை சூடானைப் பிடித்தது. 1956 வரை பெரும்பாலான காலம் ஏதோ ஒரு வடிவில் எகிப்தின் பிடி இருந்தது. பெயர் அந்த வழியில் தெற்கே வந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

கார்த்தூமில் வேலை பார்த்துத் திரும்பிய ஒரு அண்ணன் சொன்ன பக்குவத்தில் வீட்டில் செய்துபார்த்தேன். வெள்ளைக் கொண்டைக்கடலையை ராத்திரி முழுக்க ஊறவைக்கணும், வேகவைக்கக் கூடாது. பச்சை மாவுச்சத்து எண்ணெயில் வேகும்போதுதான் உருண்டை பிடித்துக்கொள்ளும். முன்னாடியே வெந்துவிட்டால் எண்ணெயில் பிரிந்துபோகும். தண்ணீரை நன்றாக வடித்து, பூண்டு, வெங்காயம், கொத்தமல்லி, சதகுப்பைக் கீரை சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து, உப்பும் துளி ஆப்பச் சோடாவும் போட்டுப் பொரிக்கணும். தொட்டுக்கொள்ள தக்வா: வேர்க்கடலையை விழுதாக அரைத்து, எலுமிச்சை பிழிந்து, தக்காளி வெங்காயத்தோடு கலப்பது.

"இது மசால் வடைதானடா" என்றார் அம்மா. தாவரவியல்படி அது சரி. கடலைப்பருப்பு, தோல் நீக்கி உடைத்த கறுப்புக் கொண்டைக்கடலைதான். கறுப்பும் வெள்ளையும் ஒரே இனம். சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய துருக்கியின் தென்கிழக்கில் பயிரானது. அங்கிருந்து ஒரு வழி நைலுக்கும் இன்னொன்று நமக்கும் வந்தது.

மனிதர்கள் போன வழி இவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. 2019 டிசம்பரில் கார்த்தூம் பக்கம் ஒரு பீங்கான் ஓடு ஆலை தீப்பிடித்து 20 பேருக்கு மேல் செத்தார்கள். அதில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. 2023 ஏப்ரல் 15 அன்று போர் வெடித்தபோது 'ஆபரேஷன் காவேரி'யில் 3,862 பேரை மீட்டதாக அரசு சொன்னது. பலர் போர்ட் சூடானிலிருந்து கப்பலேறி ஜெத்தா வழியாக வந்தார்கள். கணக்கில் அவர்கள் ஒரு எண். அங்கே யாரோடு உட்கார்ந்து என்ன சாப்பிட்டார்கள் என்பது எந்தக் கோப்பிலும் இல்லை. கடலை வந்த வழியைப் பெயராவது வைத்திருக்கிறது. இவர்கள் வந்த வழியை, ஊருக்குள் இருக்கும்போதே நாம்தான் கேட்டு எழுதிவைக்கணும்.