மருத்துவர் வரைந்த படநூல்: ஹாப்மனின் நூலில் அச்சமும் நகையும்

குழந்தைகளுக்கு உடல்நலம் பயிற்றும் படநூல்களின் வரலாற்றை எழுதுவார் பலர், பிராங்க்பர்ட் நகரத்து மருத்துவர் ஹைன்ரிக் ஹாப்மன் (1809-1894) இயற்றிய 'ஷ்ட்ருவெல்பேட்டர்' என்னும் ஜெர்மானிய நூலை அச்சுறுத்தும் நூல்களுள் ஒன்றெனக் கூறி அமைவர். அக்கூற்று பொய்யன்று, முழு உண்மையும் அன்று. அந்நூல் பிறந்த வகையையும் பதிப்பாளர் கைக்குச் சென்ற வகையையும் ஒருங்கு நோக்கின், இருவேறு கற்பித்தல் முறைகள் அதனுள் ஒன்றோடொன்று முரணி நிற்றல் புலனாகும்.

1844ஆம் ஆண்டுக் கிறிஸ்துமசுக்கு முன், ஹாப்மன் தம் மூன்று வயது மகன் கார்லுக்குப் படநூல் வாங்கக் கடைக்குச் சென்றார். ஆங்குக் கண்டவை நெடுங்கதைகளும், 'நல்ல பிள்ளை உண்மை பேச வேண்டும்', 'தூய்மையாக இருக்க வேண்டும்' என்றாற்போன்ற அறிவுரைகளும் நிரம்பிய நூல்கள். அவற்றை விடுத்து, எழுதப்படாத ஏடு ஒன்றை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். படமும் பாட்டும் தாமே எழுதினார். 'தூய்மையாயிரு', 'நெருப்பினிடத்து விழிப்பாயிரு' என்னும் ஏவற் சொற்கள் குழந்தைக்கு வெற்றொலிகளே என்பதும், அழுக்கடைந்தவனின் உருவமும் எரிகின்ற ஆடையின் உருவமுமே அதற்குப் பொருள் உணர்த்தும் என்பதும் அவர் பின்னாளில் கூறிய காரணம். குழந்தை கண்ணால் கற்கின்றது என்பதே அவர் கொள்கை.

அக்கொள்கை ஏட்டிற் கற்றதன்று. நோயாளர் படுக்கையருகே கண்டது. ஹாப்மன் ஏழையர் மருத்துவமனையிற் பணியாற்றியவர். நோயுற்ற குழந்தைகள் அவரைக் கண்டதும் அலறின. 'அடம் பிடித்தால் மருத்துவர் வருவார், புகைபோக்கி துடைப்பவன் வருவான்' என்று வீட்டார் அச்சுறுத்தி வைத்திருந்ததே அதற்குக் காரணம் என்று அவர் எழுதியுள்ளார். அழும் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பது எங்ஙனம்? அவர் குறிப்பேட்டை எடுத்து ஒரு சிறுவனை வரைவார். இவன் முடிவெட்ட விடமாட்டான், நகம் களைய விடமாட்டான் என்று கதை சொல்லிக்கொண்டே முடியையும் நகத்தையும் நீட்டுவார். உருவம் மறைந்து முடியும் நகமுமே எஞ்சும். குழந்தை வியந்து அழுகையை மறக்கும். மருத்துவர் தம் கடனை ஆற்றுவார். எனவே, ஷ்ட்ருவெல்பேட்டர் என்னும் பரட்டைத் தலையன் முதலில் அச்சத்தை விளைக்கப் பிறந்தவன் அல்லன். அச்சத்தை ஆற்றப் பிறந்தவன்.

ஏட்டை அச்சிடும் எண்ணம் அவர்க்கு இருந்ததில்லை. அவர் அமைத்த 'தூட்டி புரூட்டி' என்னும் நண்பர் குழுவில் அதனைக் கண்ட பதிப்பாளர் லோவென்தாலே அச்சிட விழைந்தார். ஹாப்மன் 80 குல்டன் பெற்று இசைந்தார்; ஆயினும் அவர் விதித்த முறைகள் பொருளினும் பெரியன. விலை 59 குரோய்ட்சரைத் தாண்டலாகாது. அஃதாவது, ஒரு குல்டனுக்கு ஒரு காசு குறைவு. கட்டடம் உறுதியாக இருக்க வேண்டுவதில்லை. குழந்தை நூல் கிழிபடுதற்கே உரியது என்பது அவர் கருத்து. தம் பயிலாக் கை வரைந்த படங்களைக் கல்லச்சுக்காரர் அழகுபடுத்திக் கெடுத்துவிடாதபடி அவரே உடனிருந்து நோக்கினார். 1845இல் புனைபெயரில் வெளிவந்த 1500 படிகளும் நான்கு வாரங்களுள் விற்றுத் தீர்ந்தன. குழந்தை நூலுக்கு ஓவியர் வேண்டும், உறுதியான அட்டை வேண்டும் என்று வாதிடுவோர் இதனைச் சிறிது எண்ணிப் பார்க்கலாம்.

இனி, நூலின் உள்ளே புகுவோம். காஸ்பர் என்பவன் கொழுகொழுவென்ற சிறுவன். சூப்பு உண்ண மறுக்கின்றான். நாளுக்கு நாள் மெலிந்து நூலிழை போலாகி ஐந்தாம் நாள் மாய்கின்றான். ஐந்து நாளில் இஃது நிகழாது என்பதை மருத்துவர் அறியாதவர் அல்லர். ஆயினும் உண்ணாமைக்கும் மெலிவுக்கும் உள்ள தொடர்பு மெய்யானது, மிகைப்பட்டது காலமே. 1846இல் இரண்டாம் பதிப்பிற் சேர்ந்த பவுலின்ஷென் தீக்குச்சியோடு விளையாடி எரிந்து சாம்பலாகின்றாள். உரசித் தீ மூட்டும் குச்சி வீடுகளுக்குப் புதிதாக வந்திருந்த காலம் அது. கதை கொடிது, ஆனால், நெருப்புச் சுடும் என்பது மெய். இவ்விரண்டும் அவர் கொள்கைக்கு இயைந்தன.

கொன்ராட் கதையோ வேறு. விரல் சூப்பாதே, சூப்பினால் தையற்காரன் வந்து கத்தரிப்பான் என்று அன்னை எச்சரித்து வெளியே செல்கின்றாள், பிள்ளை சூப்புகின்றான், தையற்காரன் பாய்ந்து வந்து இரு கட்டைவிரல்களையும் வெட்டிவிடுகின்றான். விரல் சூப்புதலுக்கும் கத்தரிக்கும் இயற்கையில் யாதொரு தொடர்பும் இல்லை. அதனினும் வியப்பு ஒன்றுண்டு. 'மருத்துவர் வருவார்' என்று பிள்ளைகளை அச்சுறுத்திய வீட்டாரைக் குறைகூறிய அதே மருத்துவர், 'தையற்காரன் வருவான்' என்று அச்சுறுத்தும் அன்னையைத் தம் நூலில் நிறுத்தி, அவள் சொல்லை மெய்யாக்கியும் காட்டுகின்றார். தாம் படுக்கையருகே பட்ட துன்பத்தின் வித்தை அவரே ஈண்டு விதைத்தாராகின்றார். நூல் நகைச்சுவையே, மிகையை மிகையென்றே குழந்தை அறியும் என்று விடை கூறுவாரும் உளர். அவ்விடை காஸ்பருக்குப் பொருந்தும். கொன்ராடுக்குப் பொருந்துமென யான் துணியேன்; வெட்டுண்ட கையோடு நிற்கும் பிள்ளையிடத்து நகை தோன்ற இடமில்லை.

பரட்டைத் தலையனுக்கோ எத்தண்டமும் இல்லை. முடியும் நகமும் நீண்டு அவன் நிற்கின்றான், காண்போர் சீ என்கின்றனர், அவ்வளவே. தொல்காப்பியர் வகுத்த மெய்ப்பாடுகளுள் இளிவரலும் நகையும் அங்கே உள, அச்சம் இல்லை. முதற்பதிப்பில் அப்படம் நூலின் இறுதியிலே இருந்தது. படித்த பிள்ளைகள் அவனையே பெரிதும் விரும்பினர். மூன்றாம் பதிப்பு முதல் நூல் அவன் பெயரையே பெற்றது. இறுதி ஏட்டில் நின்றவன் பின்னர் முதல் ஏட்டிற்கு வந்தான்.