மூன்று கதவுகள், ஒரு கதவு: பிரிட்டனின் சமத்துவ ஆணையம் பிறந்த கதை

2001-ஆம் ஆண்டு லண்டனில் ஒரு கறுப்பினப் பெண் வேலைக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சக்கர நாற்காலியில் வருபவர். தகுதி இருந்தும் வேலை கிடைக்கவில்லை. அவர் எங்கே போய் முறையிடுவது?

நிறம்தான் காரணம் என்றால் ஒரு ஆணையம். பெண் என்பதால் என்றால் இன்னொன்று. உடல் குறைபாட்டைக் காட்டி ஒதுக்கினார்கள் என்றால் மூன்றாவது. எல்லாம் சேர்ந்துதான் காரணம் என்றால்? அதற்கு ஆணையம் இல்லை. இந்தக் கேள்விதான் 2007-ல் அந்த நாட்டை ஒரே ஆணையத்துக்குக் கொண்டு வந்து நிறுத்தியது.

மூன்று ஆணையங்கள் வந்த விதம்

இந்த அமைப்புகளை அரசு தானாக முன்வந்து கொடுத்துவிடவில்லை. 1963-ல் பிரிஸ்டல் நகரப் பஸ் கம்பெனி கறுப்பினத்தவரையும் ஆசியரையும் பஸ் ஓட்டுநர், நடத்துநர் வேலைக்கு எடுக்க மறுத்தது. மக்கள் சில மாதங்கள் பஸ்ஸைப் புறக்கணித்த பிறகே நிர்வாகம் இறங்கி வந்தது. 1965-ல் முதல் இன உறவுச் சட்டம் வந்தாலும் அது வேலையையும் வீட்டு வாடகையையும் தொடவே இல்லை. அவை 1968 சட்டத்தில்தான் சேர்ந்தன. 1976 சட்டத்தின்படி இன சமத்துவ ஆணையம் உருவானது.

1968-ல் டாகன்ஹாம் ஃபோர்டு தொழிற்சாலையில் கார் இருக்கை உறை தைத்த பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1970-ல் சம ஊதியச் சட்டமும், 1975-ல் பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டமும், அதோடு சம வாய்ப்பு ஆணையமும் வந்தன. மாற்றுத்திறனாளிகளுக்கு 1995-லேயே சட்டம் கிடைத்தது. ஆனால் அதை அமல்படுத்தும் ஆணையம் வர 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இணைப்பு ஏன்?

2000-ல் ஐரோப்பிய ஒன்றியம், மதம், வயது, பாலியல் நாட்டம் ஆகியவற்றின் பேரில் வேலையில் பாகுபாடு கூடாது என்று உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் மனித உரிமைச் சட்டமும் பிரிட்டனில் நடைமுறைக்கு வந்தது. இவற்றைக் கவனிக்க ஆள் இல்லை. இன்னும் மூன்று நான்கு ஆணையங்களா, அல்லது எல்லாவற்றுக்கும் ஒன்றா? 2004 மே மாத வெள்ளை அறிக்கை 'ஒன்று' என்றது.

எதிர்ப்பும் இருந்தது. குறிப்பாக, இனவெறிக்கு எதிராகப் போராடியவர்கள், பெரிய அமைப்பில் தங்கள் குரல் கரைந்துவிடும் என்று அஞ்சினார்கள். போராடிப் பெற்ற வீட்டைக் காலி செய்துவிட்டுக் கூட்டுக் குடித்தனம் போவதற்கு யாருக்குத்தான் மனம் வரும்? ஆனாலும் 2006-ல் சட்டம் நிறைவேறியது. 2007 அக்டோபர் 1 அன்று சமத்துவ மற்றும் மனித உரிமைகள் ஆணையம் பணியைத் தொடங்கியது. இன சமத்துவ ஆணையத்தின் தலைவராக இருந்த ட்ரெவர் ஃபிலிப்ஸ் இதன் முதல் தலைவரானார். வட அயர்லாந்து இதில் சேரவில்லை. அங்கே 1999-லேயே தனி சமத்துவ ஆணையம் வந்துவிட்டது.

சாதித்ததும் சறுக்கியதும்

ஆணையத்துக்கு விசாரணை நடத்தவும், வழக்குகளில் தலையிடவும் அதிகாரம் உண்டு. 2020-ல் தொழிற்கட்சியையே விசாரித்து, யூதர்கள் விஷயத்தில் அக்கட்சி சட்டத்தை மீறியதாக அறிவித்தது. அக்கட்சி ஆட்சியில் இருந்தபோதுதான் இந்த ஆணையமே உருவானது என்பது குறிப்பிடத்தக்கது.

ஆனால் 2009-லேயே உறுப்பினர்கள் பலர் விலகினார்கள். தொடக்கத்தில் சுமார் 7 கோடி பவுண்டாக இருந்த நிதி, 2020-க்குள் 2 கோடிக்கும் கீழே போனது. மக்கள் நேரடியாக அழைத்து ஆலோசனை கேட்ட உதவித் தொலைபேசி சேவை 2012-ல் ஆணையத்தின் கையை விட்டுப் போனது. மூன்று ஆணையங்கள் இருந்தால் மூன்றையும் முடக்க வேண்டும். ஒன்று மட்டும் என்றால், ஒரே குழாயை இறுக்கினால் போதும்!

முதலில் பார்த்த அந்தப் பெண்ணுக்கு என்ன ஆனது? இரண்டு காரணங்கள் சேர்ந்த பாகுபாட்டையும் வழக்காக்கலாம் என்று 2010 சமத்துவச் சட்டத்தில் 14-ஆம் பிரிவு எழுதப்பட்டது. 2011-ல் அரசு, அதை நடைமுறைப்படுத்தப் போவதில்லை என்று அறிவித்துவிட்டது. அவருக்காகத் திறந்த கதவு ஒன்றுதான். ஆனால் உள்ளே போனதும், நீ கறுப்பினத்தவளா, பெண்ணா, மாற்றுத்திறனாளியா என்று பிரித்துச் சொல்லும்படி சட்டம் கேட்டது. அலுவலகங்களை இணைப்பது எளிது. ஒரு மனுஷியை முழுசாகப் பார்க்கச் சட்டத்துக்குக் கற்றுக்கொடுப்பதுதான் கடினம்.