முட்டித் தேய்மானம்: வயசு மட்டும்தான் காரணமா? நந்திதுர்க் முதல் ஜப்பான் வரை

அப்பாவுக்கு முட்டி வலி என்றால் 'வயசாயிடுச்சு' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். ஆனால் முட்டி எந்தப் பக்கம் தேயும், எவ்வளவு வேகமாகத் தேயும் என்பதில் கால் எலும்புகளின் நேர்கோட்டுக்கும் பங்கு உண்டு. உங்கள் குடும்பம் கோலார் தங்கவயலின் நந்திதுர்க் போன்ற சுரங்கப் பகுதியிலிருந்து வந்தது என்றால், செய்த வேலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நேர்கோடு என்றால் என்ன?

இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்காலின் நடுவுக்கு ஒரு கோடு போடுங்கள். அது முட்டியின் நடுவை ஒட்டிப் போனால் கால் நேராக இருக்கிறது. கோடு முட்டிக்கு உள்பக்கமாக விலகினால் அது வில் கால். வெளிப்பக்கமாக விலகினால் முட்டிகள் ஒன்றோடொன்று இடிக்கும்.

கால் நேராக இருந்தாலும், நடக்கும்போது சுமையில் சுமார் 60–70% முட்டியின் உள்பாதியில்தான் விழுகிறது. வில் காலில் இது இன்னும் கூடும். அமெரிக்காவில் 2001-ல் வெளியான ஓர் ஆய்வில், ஏற்கெனவே தேய்மானம் உள்ள வில் கால்காரர்களுக்கு 18 மாதங்களில் உள்பக்கத் தேய்மானம் முற்றும் வாய்ப்பு சுமார் 4 மடங்கு அதிகமாக இருந்தது. தேயத் தேய வளைவு கூடும்; வளைவு கூடக்கூடத் தேய்மானமும் கூடும்.

ஜப்பான் சொல்லும் பாடம்

ஜப்பானில் 40 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 2.5 கோடிப் பேருக்கு எக்ஸ்ரேயில் முட்டித் தேய்மானம் தெரியும் என்பது 2009-ல் வெளியான மதிப்பீடு. அங்குள்ள எலும்பு மருத்துவர்கள் இந்த நோயாளிகளின் முழுக் காலையும் அளந்தார்கள். பலருக்கு வளைவு முட்டியில் மட்டும் இல்லை. தொடை எலும்பே வெளிப்பக்கமாக வளைந்திருந்தது, முழங்கால் எலும்பின் மேல்பகுதி உள்பக்கம் சாய்ந்திருந்தது. முட்டியை மட்டும் எடுக்கும் எக்ஸ்ரேயில் இது தெரியாது.

இதைப் படித்துவிட்டுக் கண்ணாடி முன் நின்று பயப்பட வேண்டாம். பெல்ஜியத்தில் வலியே இல்லாத இளைஞர்களை அளந்த 2012 ஆய்வில், ஆண்களில் 32% பேருக்கும் பெண்களில் 17% பேருக்கும் 3 டிகிரியோ அதற்கு மேலோ வில் வளைவு இருந்தது. வளைவு இருப்பதாலேயே அது நோய் ஆகிவிடாது.

சுரங்க வேலைக்கும் முட்டிக்கும் என்ன தொடர்பு?

மண்டியிடுவது, குந்துவது, பாரம் தூக்குவது மூன்றும் முட்டியைச் சோதிப்பவை. பிரிட்டனில் கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1952-லேயே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் முட்டியில் தேய்மானம் அதிகம் என்று எக்ஸ்ரே மூலம் காட்டினார்கள். இன்று உங்கள் ரிப்போர்ட்டில் வரும் 'கிரேடு 2', 'கிரேடு 3' எல்லாம் இவர்கள் பெயரிலுள்ள அளவுகோல்தான். 2009-ல் பிரிட்டன் இதை நிலக்கரித் தொழிலாளர்களின் தொழில் நோயாக ஏற்று உதவித்தொகை தந்தது.

தங்கவயலில் 1940-களிலேயே தொழிலாளர்களின் நுரையீரலைப் பரிசோதித்துக் கணக்கெடுத்தார்கள். சிலிகோசிஸ் இழப்பீட்டுக்குரிய நோயானது. ஆனால் முட்டித் தேய்மானம் இந்தியாவின் தொழில் நோய்ப் பட்டியலில் இன்றும் இல்லை. சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டன. 1980-ல் 20 வயதில் அண்டர்கிரவுண்ட் வேலைக்குப் போனவர் இன்று 60-ஐத் தாண்டியிருப்பார். முட்டி தேயும் வயது அது.

நீங்கள் என்ன செய்யலாம்?

• காலில் வளைவு தெரிந்தால், நின்றபடி இடுப்பு முதல் கணுக்கால் வரை எடுக்கும் எக்ஸ்ரே தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

• உடல் எடையில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முட்டியின் மேல் விழும் சுமை சுமார் 4 கிலோ குறையும். தொடைத் தசைப் பயிற்சியும் உதவும்.

• வயது குறைவு, ஒரு பக்கம் மட்டும் தேய்மானம் என்றால், எலும்பை வெட்டிக் கோட்டை நேராக்கும் அறுவை சிகிச்சை சிலருக்குப் பொருந்தும்.

• மூட்டு மாற்றுதான் வழி என்றால், செயற்கை மூட்டுக்கு 2017 முதல் அரசு விலை உச்சவரம்பு இருக்கிறது. பில்லில் மூட்டின் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள்.

• 'மைன்ஸ்ல வேலை பார்த்தார்' என்பதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை வருடம், என்ன வேலை, எவ்வளவு நேரம் மண்டியிட்டார் என்பதையும் டாக்டரிடம் சொல்லி மருத்துவக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். நுரையீரலுக்கு இழப்பீடு கிடைத்ததும் யாரோ கணக்கெடுத்த பிறகுதான்.