ஜெய்லன் ஸ்மித்தின் கால் நரம்பு

2016 ஜனவரி 1. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் மேட்ச். நம்ம ஃபுட்பால் இல்லைங்க, முட்டை வடிவப் பந்தைக் கையில தூக்கிட்டு ஓடுற ஆட்டம். நோட்ரே டேம் அணியின் ஜெய்லன் ஸ்மித்துக்கு இடது முழங்கால் ஜவ்வு கிழிஞ்சுது. கூடவே பெரோனியல் நரம்பும் அடிபட்டுச்சு.

இளம் வீரர்களைத் தொழில்முறை அணிகள் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்'டுக்கு சில மாசம்தான் இருந்தது. அதுக்கு முன்னாடி எல்லா அணி டாக்டர்களும் ஒரே ஊர்ல கூடி வீரர்களைப் பரிசோதிப்பாங்க. 1982-ல டாம்பாவில் 163 வீரர்களோட ஆரம்பிச்ச இந்த முகாம், 1987-லிருந்து இண்டியானாபொலிஸில் நடக்குது. இன்னைக்கு டிவியில ஓட்டப்பந்தயத்தைத்தான் காட்டுறாங்க. ஆனா முகாம் தொடங்கினதே முக்கியமா மருத்துவப் பரிசோதனைக்காகத்தான்.

ஜவ்வைத் தச்சிடலாம். நரம்பு அப்படியில்லை. வளர்ந்தாலும் ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான். அதுவரை பாதத்தை மேலே தூக்க முடியாது. பைக் விபத்துல வர்றவங்ககிட்ட இதை விளக்குறதுக்குள்ள எனக்கே தொண்டை அடைச்சிடும்.

ஏப்ரல் மறுபரிசோதனையிலும் ஸ்மித்தின் நரம்பு விழிக்கலை. பல அணிகள் பின்வாங்கின. முதல் சில இடங்களுக்குள்ள போக வேண்டியவரை, 34-வது ஆளா டல்லஸ் எடுத்தது.

காரணம்? ஸ்மித்துக்கு ஆபரேஷன் செஞ்ச டாக்டர் டான் கூப்பரே டல்லஸ் அணியின் டாக்டர். முழங்காலைத் திறந்து உள்ளே பார்த்தவர்.

நோயாளியின் டாக்டரே, அவரை விலைக்கு வாங்குறவரின் டாக்டராவும் இருக்கலாமா? எனக்கு இது உறுத்துது.

ஸ்மித் ஒரு வருஷம் காத்திருந்தார். 2017-ல, பாதத்துக்குப் பிரேஸ் மாட்டிக்கிட்டு, சீசனின் 16 ஆட்டத்திலும் இறங்கினார்.